வெறுந்தட்டுச் சோதனை

காலையில் பல் விளக்கின கையோடு, தலைவலிக்காக உடம்புக்குள் வைத்திருந்த யந்திரத்தை ரிமோட்டால் நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டுக் காபி குடித்தார். பேப்பர் பார்த்தார். வலி வரவில்லை. வரவில்லையே என்று ஒரு சந்தேகம், வந்துவிடுமோ என்று ஒரு பயம், இரண்டுக்கும் நடுவில் இட்லி இறங்கவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் பங்கஜம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு தலைவலி வந்து போக முடியாது. "முடி வெட்டிட்டு வரன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "இன்னிக்குத்தான் தோணிச்சா?" என்றாள். படி இறங்கிவிட்டார். ரிமோட் சட்டைப் பையில் இருந்தது. அது தெரியாதபடி மேலே கைக்குட்டையைத் திணித்திருந்தார். பண்ருட்டிக் கடைத்தெருவில் வெயில் ஏறுவதற்கு முன்னால் நடந்து வந்து, கன்னியப்பன் சலூனில், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டு, எதிர்க் கண்ணாடியில் மங்கலாகத் தெரிகிற ஒரு கிழவனைப் பார்த்தபடி ஆளவந்தார் இப்போது உட்கார்ந்திருக்கிறார். முடி வெட்டிக்கொள்ள வந்தவர் மாதிரிதான் இருக்கிறார். வலி வருகிறதா என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறார்.

"ஏ.சி. கடைக்கு மாறிட்டீங்கன்னு சொன்னாங்க" என்றான் கன்னியப்பன், தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே. "எவன் சொன்னான்?" "ஊரே சொல்லுது." "ஊருக்கு வேலையில்ல." கன்னியப்பன் சீப்பை விட்டுப் பின்மண்டை முடியைத் தூக்கிப் பார்த்தான். மேலே ஒரு நீளம், கீழே ஒரு நீளம். திருட்டுச் சரக்கைப் பிடித்த மாதிரி ஒரு சத்தம் அவன் தொண்டையில் வந்தது. "பின்னாடி வேற கை பட்டிருக்குது சார். மிஷின் போட்டு மழுங்க வழிச்சிருக்கான். அப்புறம் வளர வுட்டிருக்கான். ஒழுங்கா வழிக்கவும் தெரியல." ஆளவந்தார் பேசவில்லை. பேசினால் எந்தக் கடை என்று கேட்பான். ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் எதற்குப் பின்மண்டையை வழித்தார்கள் என்று கேட்பான். பின்னால் பெஞ்சில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருக்கிறவன் காது கொடுத்துக் கேட்பான். பேப்பருக்கு மேலே தெரிகிற வழுக்கையைக் மூக்குக்கண்ணாடி இல்லாமலே அடையாளம் தெரிந்தது. பலா மண்டி தணிகாசலம். இந்த ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் விட்டுவிட்டு இன்றைக்குப் பார்த்து இவன் வந்து உட்கார வேண்டுமா. "தலைய நேரா வைங்க சார்" என்றான் கன்னியப்பன். நேராகத்தான் வைத்திருந்தார். வருஷக்கணக்காக நேராக வைத்து வைத்தே கழுத்து அப்படியே நின்றுவிட்டது. திருப்பினால் வரும், குனிந்தால் வரும், தும்மினால் வரும். கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்புவதைப் பார்த்து ஆபீசில் சப்பரம் வருகிறது என்பார்கள். அவர் காதில் விழாத மாதிரி சொல்வதாக அவர்கள் நினைப்பு.

இடது தோள் எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஒரு தீப்பெட்டி. புதுச்சேரி ஆஸ்பத்திரி டாக்டரம்மா அப்படித்தான் சொன்னாள். தீப்பெட்டியைவிடப் பெரிசு, குளிக்கும்போது தடவினால் தெரியும். பெரியதைச் சின்னதென்று சொல்லிக் கொடுப்பதிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். அதிலிருந்து ஒரு ஒயர் உள்ளுக்குள்ளேயே கழுத்தில் ஏறி, பின்மண்டையில் முடி முடிகிற இடத்தில் குறுக்காகப் படுத்திருக்கிறது. அங்கே போகிற நரம்புக்குச் சின்னச் சின்னதாக ஓயாமல் கரண்ட் கொடுக்கும். நரம்பு அதைக் கவனித்துக்கொண்டிருக்கும், வலியை மேலே அனுப்ப மறந்துவிடும். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாள். ஆளவந்தார் படத்தைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தார். எடைத்தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிற இன்ஸ்பெக்டராக இருந்தவர், அது அவர் தொழில். சந்தையில் ஒருத்தன் பேச்சுக் கொடுப்பான், இன்னொருத்தன் தட்டைச் சுண்டுவிரலால் அழுத்துவான். பேச்சுக்குக் காது கொடுத்தாலும் கண்ணைக் கையிலிருந்து எடுக்கக்கூடாது. கவனத்தைத் திருப்புவதுதான் வைத்தியம் என்று ஒரு டாக்டரே சொன்னால் என்ன அர்த்தம்? ஆனாலும் சரி என்றார். ஏன் சரி என்றார் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. வேறு என்ன பாக்கி இருந்தது? மாத்திரை, ஊசி, கழுத்துக்குப் பட்டை, நெல்லிக்குப்பத்தில் சுளுக்கு எடுக்கிறவன், நீர்க்கோவை மாத்திரையை அரைத்து நெற்றியில் பற்று. பற்று காய்ந்து சுருங்கும்போது நெற்றித் தோலை இழுக்குமே, அந்த இழுப்பு வலியைவிடப் பரவாயில்லையாக இருக்கும். அப்படியானால் அதுவும் இதே வித்தைதானே. இதைக் கொண்டு அதை மறக்கடிப்பது. கத்தரிக்கோல் காதோரம் சிலுசிலுத்தது. வந்துவிட்டதா? இல்லை. வெறும் கத்தரிக்கோல்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக என்றால், நம்புகிற மாதிரி. பின்மண்டையில் எறும்பு ஊர்வது போல விடாமல் ஒரு ஊறல். ரிமோட்டில் ஏற்றினால் கட்டெறும்பு, இறக்கினால் பிள்ளையார் எறும்பு. தராசு முள் அசைந்த மாதிரி. முள் அசைந்தால் தராசு ஏதோ சொல்கிறது. அது சொல்வது சரியா தப்பா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வலி பாதி இறங்கிற்று. அதற்குமேல் இறங்கவில்லை. பாதி இறங்கியதற்கே பங்கஜம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அவர் கூடப் போகவில்லை. அப்புறம் போன தடவை புதுச்சேரிக்குப் போனபோது யந்திரம் செய்கிற கம்பெனியின் ஆள் வந்திருந்தார். முழுக்கைச் சட்டை, நரைத்த மீசை, வாயெல்லாம் சிரிப்பு. கம்பெனியிலிருந்து வருகிறவனுக்கு என்ன சிரிப்பு? சிலேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் தோளருகே எதையோ பிடித்து, விரலால் தேய்த்தார். ஊறல் நின்றுவிட்டது. "நின்னுடுச்சே" என்றார் ஆளவந்தார். "நிக்கல சார். இது புது முறை. இனிமே ஊறல் தெரியாது. தெரியாமலே வேலை செய்யும்." "தெரியாம செய்யுதுன்னு எப்படித் தெரியும்?" "வலி இருக்காதுல்ல சார். அதான் தெரியறது." டாக்டரம்மா தலையை ஆட்டினாள். பங்கஜமும் ஆட்டினாள். மூன்று பேர் ஒரே மாதிரி தலையாட்டினால் முன்னாலேயே பேசி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மண்டிகளில் பார்த்திருக்கிறார்.

அன்றிலிருந்து ஊறலும் இல்லை, வலியும் இல்லை. வலி துளியும் இல்லை. காலையில் எழுந்தால் தலை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அதுதான் உறுத்திற்று. எப்போதும் கொஞ்சம் ஏறக்குறைய நிற்கிற முள்தான் மெய்யான முள். ஆணி அடித்த மாதிரி நடுவில் நிற்கிற முள்ளை உள்ளே கம்பி வைத்துக் கட்டியிருப்பான், தூக்கிப் பார்த்தால் தெரியும். ரிமோட்டில் பச்சை விளக்கு எரிகிறது. விளக்கு எரிவது எதற்கு அத்தாட்சி? எலெக்ட்ரானிக் தராசு வந்த புதிதில் எல்லாவற்றிலும்தான் சிவப்பாக எழுத்து எரிந்தது. உள்ளே திறந்தால் பட்டாணி அளவு ஒரு சில்லு, கிலோவுக்குக் கைப்பிடி குறைத்துக் கொடுக்கும். ஒருவேளை அந்தச் சிரிக்கிற மீசை அன்றைக்கே நிறுத்திவிட்டுப் போயிருந்தால்? கிழவனுக்கு நிறுத்திப் பார்ப்போம், தெரிகிறதா என்று. எழுதிக்கொள்வார்கள், கூட்டத்தில் பேசுவார்கள். நிறுத்தியும் வலி வரவில்லை, பார்த்தீர்களா என்பார்கள். இங்கேதான் யோசனை ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொண்டு நிற்கும். அவர்கள் ஏமாற்றினார்கள் என்றால், ஏமாற்றியும் வலி ஏன் வரவில்லை? கரண்ட் இல்லாமலே போகிற வலி என்ன வலி? கடலூர் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்து, "இதுல ஒண்ணும் இல்லிங்க. மனச லேசா வச்சுக்குங்க" என்றான். மனசு. ஆபீசில் மேலதிகாரி, "ஆளவந்தாருக்கு செக்கிங் டூட்டி போட்டா தலை வலிக்காது, ஃபைல் கொடுத்தா வலிக்கும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தான். பங்கஜத்தின் தம்பியும் மனசு என்றுதான் சொன்னான். மருமகள் சொல்லவில்லை, நினைத்தாள். கொக்கியைப் பின்மண்டையில் மாட்டி இடது கண் வழியாக வெளியே இழுக்கிற மாதிரி வலியை வைத்துக்கொண்டு சந்தை சந்தையாக ஏறி இறங்கின மனுஷன், தன் தராசுத் தட்டுக்கு அடியில் தானே புளியை ஒட்டி வைத்துக்கொண்டு அலைந்தானா இத்தனை காலம்? அதுதான் தெரிய வேண்டும். அதைத்தான் நிறுத்திப் பார்க்கிறார். தராசு சரியா என்று பார்க்க முதலில் இரண்டு தட்டையும் காலி பண்ண வேண்டும். வெறுந்தட்டில் முள் நடுவில் நின்றால்தான் மேற்கொண்டு கல்லை வைக்கலாம். இப்போது தட்டு காலி. வலி வந்தால் யந்திரம் யோக்கியம், அவரும் யோக்கியர். வராவிட்டால்? வராவிட்டால் என்ன என்று யோசிக்க இடம் இல்லாமல் கன்னியப்பன் தலையை இந்தப் பக்கம் சாய்த்தான்.

"பேப்பர்ல ஒண்ணும் இல்லப்பா" என்றான் தணிகாசலம் பெஞ்சிலிருந்து. "இன்னும் எவ்ளோ நேரம்?" "சாருக்கு முடிச்சிட்டுத்தான்." "சாருக்கு முடியறதுக்குள்ள பலாக்கா பழுத்துடும். மெதுவா வெட்டு, ரெண்டு பக்கமும் ஒரே அளவா வெட்டு. ஒரு முடி கூடக் கொறஞ்சா கேசு எழுதிடுவாரு." கன்னியப்பன் சிரிக்காமல் சிரித்தான், துணியின் மேல் அவன் வயிறு குலுங்குவது தெரிந்தது. ஆளவந்தார், "உன் தட்டுக்கு அடியில இருந்துது பாரு, அதவிடவா?" என்றார். தணிகாசலம் பேப்பரை மடித்தான். "இன்னும் அதேதானா? பலாப்பால் சார் அது. பழம் ஏத்தறவன் கையத் தொடைச்சுத் தொடைச்சு ஒட்டிக்கினு இருந்துது." "பழம் ஏத்தற தட்டுல ஒட்டல. படிக்கல் வைக்கிற தட்டுல ஒட்டியிருந்துது." "அவன் எந்தக் கையில தொடைச்சானோ, நானா கண்டன்?" ஆளவந்தார் விட்டுவிட்டார். முத்திரை இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் எத்தனையோ தராசு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், எல்லாம் மறந்துவிட்டது, அது ஒன்று மறக்கவில்லை. தட்டைக் கவிழ்த்தபோது உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக, இறுகி, நகம் இறங்காமல். மேலே தூசி படிந்திருந்தது. நாள்பட்டுத் தானாகச் சேர்ந்தது மாதிரியும் இருந்தது, அப்படித் தெரிய வேண்டும் என்றே தூசியைத் தேய்த்தது மாதிரியும் இருந்தது. விளைவித்துக் கொண்டுவருகிறவனுக்குத்தான் நஷ்டம், ஒவ்வொரு பழத்துக்கும். கேசு எழுதினார். தணிகாசலம் அன்றைக்குக் கெஞ்சவில்லை, கத்தவும் இல்லை, "உங்க கண்ணுக்கு எல்லாம் திருட்டு சார்" என்று மட்டும் சொன்னான். அந்தத் தராசைத் தூக்கி ஜீப்பில் வைத்தபோது அவருக்குப் பின்மண்டையில் கொக்கி விழுந்திருந்தது. அது நன்றாக நினைவிருக்கிறது. வலியோடு எழுதின கேசு அது. வலி பொய்யென்றால்.

வலி பொய்யென்றால் என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சலூனில் பவுடர் வாசனை, டெட்டால் வாசனை, வெளியே பழவண்டியில் சுளை எடுக்கிறான் போலிருக்கிறது, அந்த வாசனை எல்லாவற்றுக்கும் மேலே ஏறி உட்கார்ந்தது. பலாப்பழ வாசனைக்கும் அவருக்கு வலி வரும். வருமா, வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தாரா? இடது காதுக்குப் பின்னால், எலும்பு முடிந்து பள்ளம் ஆரம்பிக்கிற இடத்தில், வழக்கமாக அது உட்காருகிற இடத்தில் மனசைக் கொண்டு போய் வைத்தார். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையா? ஏதோ இருக்கிற மாதிரி. வெறுந்தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் முள் அசைகிற மாதிரிதான் இருக்கும். புது ஆட்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பார், கண்ணை எடு, வேறே பார், அப்புறம் பார். அவர் கண்ணை எடுத்து எதிரே மாட்டியிருந்த காலண்டர் முருகனைப் பார்த்தார். மங்கலான முருகன். சிரிக்கிற மாதிரி தெரிந்தது. கம்பெனி ஆள் மாதிரி. பங்கஜம் நேற்று ராத்திரி சோறு போடும்போது சொன்னாள்: "வலி இல்லன்னு ஆனதுலருந்து உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல." அவள் சும்மாதான் சொன்னாள். சும்மாவா சொன்னாள்? வலிக்கிறது என்று அவர் படுத்திருந்த நாட்களில் ஒரு நாள்கூட அவள் நம்பவில்லை என்று சொன்னதில்லை. நம்புகிறேன் என்றும் சொன்னதில்லை. ஒத்தடம் கொடுத்தாள். துணியைச் சுட வைத்துச் சுட வைத்துக் கொடுத்தாள். நம்பாதவள் கொடுப்பாளா? கொடுப்பாள். பிள்ளை பொய்யழுகை அழுதாலும் தாய் தூக்கத்தான் செய்கிறாள். "அவருக்கு நிறுத்தினா எப்ப திரும்ப வரும்?" என்று அவள்தான் டாக்டரம்மாவைக் கேட்டாள். ஏன் கேட்டாள்? டாக்டரம்மா சொன்னாள்: "சிலருக்கு உடனே, சிலருக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். அதெல்லாம் நீங்களா நிறுத்திப் பாக்காதீங்க. அப்புறம் கழுத்த வெடுக்குன்னு திருப்பக்கூடாது. ஒயர் எடம் மாறிடும். சலூன்ல நெட்டி எடுப்பாங்களே, அந்தப் பக்கமே போகக்கூடாது."

நெட்டி. அதைச் சொல்ல வேண்டும் இவனிடம். வந்து உட்கார்ந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். கன்னியப்பன் முடி வெட்டினால் வெட்டோடு விடமாட்டான். உள்ளங்கையைக் குவித்து உச்சந்தலையில் தட்டி, பொட்டை அழுத்தி, பிடரியை இரண்டு கட்டைவிரலாலும் நெருடி, கடைசியில் மோவாயில் ஒரு கை, மண்டைக்குப் பின்னால் ஒரு கை வைத்து, சட்டென்று இந்தப் பக்கம் ஒரு மடக், அந்தப் பக்கம் ஒரு மடக். காசு அதற்குக் கிடையாது. அது அவன் வாடிக்கைக்காரனுக்குச் செய்கிற மரியாதை. வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வான். அந்த மடக்குக்கு அப்புறம் ஒரு அரைமணி நேரம் தலை லேசாக இருக்கும். எத்தனையோ டாக்டர் செய்யாததை இவன் கை அரைமணிக்குச் செய்யும். அந்த அரைமணிக்காகவே மாதம் தவறாமல் வந்திருக்கிறார். இப்போது வேண்டாம் என்று ஒரு வார்த்தை. ஏன் என்பான். கழுத்தில் ஒயர் என்று சொல்ல வேண்டும், பின்னால் தணிகாசலம். சாயங்காலத்துக்குள் மண்டி முழுக்கப் போய்விடும், முத்திரை இன்ஸ்பெக்டர் தலையில் கரண்ட் ஓடுகிறது என்று. ஊரார் தராசையெல்லாம் சரிபார்த்தவன் மண்டைக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறது என்று. சிரிப்பார்கள். சிரித்தால் என்ன? நேரம் வரும்போது வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம், இன்னும் கத்தரிக்கோல் வேலையே முடியவில்லை, சீப்புச் சத்தம் கேட்கிறது. சீப்புச் சத்தம் கேட்கிறதா? எப்போது நின்றது?

பிடரியில் இரண்டு கட்டைவிரல் இறங்கி நெருடியது.

"சார்" என்றான் கன்னியப்பன். விரல் நின்றுவிட்டது. "உள்ள என்னமோ கயிறு மாதிரி நெளியுது சார்." "கைய எடு." "நரம்பு பொடச்சிக்கிச்சா?" "கைய எடுய்யா." எடுத்தான். பேப்பர் சரசரப்பு நின்றது. ஆளவந்தார் கண்ணாடியில் பார்த்தார், கன்னியப்பன் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான், எதையோ தொட்டுவிட்டவன் மாதிரி. சொல்லித்தான் ஆக வேண்டும். "ஒயர்" என்றார். "ஒயரா?" "வலிக்கு வச்சிருக்கு. ஆஸ்பத்திரியில. கரண்ட்." கன்னியப்பன் ஒரு அடி தள்ளி நின்றான். "எனக்கு ஒண்ணும் அடிக்காதே சார்?" "ஒண்ணும் அடிக்காது. நிறுத்தி வச்சிருக்கன்." பெஞ்சிலிருந்து தணிகாசலம் எழுந்து வந்துவிட்டான், மடித்த பேப்பரோடு. "எதுக்கு நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்று அவன்தான் கேட்டான். கேலி இல்லாமல் கேட்டான். அல்லது கேலி இல்லாத மாதிரி. "வேல செய்யுதான்னு பாக்க." "வேல செய்யுதான்னு பாக்க ஓட வுட்டுல்ல பாப்பாங்க." "நிறுத்தினாத்தான் தெரியும்." "அதெப்படி?" "வலி வந்துதுன்னா வேல செஞ்சுதுன்னு அர்த்தம்." கன்னியப்பன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "வந்துதா சார்?" என்றான்.

வந்துவிட்டிருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. காதுக்குப் பின்னால் அந்தப் பள்ளத்தில் ஒரு புள்ளி. கடுகு அளவு. அது அவருடைய புள்ளிதான், தெரியும், ஆயிரம் பேர் கூட்டத்தில் தெரியும். ஒரு கணம் மனசு துள்ளிற்று. பெற்ற பிள்ளையைச் சந்தையில் தொலைத்துவிட்டுக் கண்டுபிடித்தவன் மாதிரி. வந்துட்டியா. பொய்யில்லை. எலும்பு டாக்டரைக் கூப்பிடு, மேலதிகாரியைக் கூப்பிடு. அப்புறம் அடுத்த கணமே, இவன் விரல் வைத்த இடம் அல்லவா அது? நெருடினதில் வந்த வலியாக இருந்தால்? நிறுத்தினதால் வந்ததா, நெருடினதால் வந்ததா, ஒயர் இடம் மாறி நரம்பைக் கீறுகிறதா, காலையிலிருந்து வா வா என்று வாசலில் நின்று கூப்பிட்டதால் வந்ததா? நாலில் எது? சோதனை நடக்கும்போது வேறு கை பட்டால் அந்தச் சோதனை செல்லாது. தட்டைத் துடைத்து முதலிலிருந்து வைக்க வேண்டும். முதலிலிருந்து என்றால் திரும்ப ஓட விட்டு, நாலு நாள் நன்றாக இருந்து, திரும்ப நிறுத்தி, திரும்ப உட்கார்ந்து. கடுகு மிளகு அளவாயிற்று. "வந்துதா சார்?" "பொறு." "எதுக்குப் பொறுக்கணும்? போட்டுடுங்க." "பொறு, பாக்கணும்." நெருடின வலி தானாக அடங்கும், நிறுத்தின வலி ஏறும். ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறிற்று. பின்மண்டையில் கொக்கி விழுந்தது, இழுத்தது, உச்சியைத் தாண்டி இடது கண்ணுக்குப் பின்னால் வந்து குந்திற்று. ஒயர் இடம் மாறியிருந்தால் இனி ஓட விட்டாலும் பிரயோசனம் இல்லை. சோதித்துப் பார்க்கிறேன் என்று ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்துக்கொண்டாயா, கிழவா? அந்த நினைப்பு வந்ததும் மற்றதெல்லாம் ஓடிப்போயிற்று. யந்திரம் யோக்கியமா, தான் யோக்கியமா, எல்லாம். போட வேண்டும். உடனே போட வேண்டும். போட்டு அது பிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

துணிக்கு அடியில் கையை விட்டுப் பையைத் துழாவினார். கைக்குட்டை வந்தது, அப்புறம் ரிமோட் வந்தது. "கண்ணாடி" என்றார். கன்னியப்பன் எடுத்து மாட்டிவிட்டான். மாட்டியும் இடது கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, எழுத்தெல்லாம் புழுவாக நெளிகிறது, வெளிச்சம் ஊசி ஊசியாகக் குத்துகிறது. "நீ பாரு." கன்னியப்பன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் தொடமாட்டன் சார். ஒரு தரம் தொட்டதே போதும்." தணிகாசலம் கையை நீட்டினான். நீட்டின கையை ஆளவந்தார் பார்த்தார். தடித்த விரல், நகக்கண்ணில் பழுப்பு. எடைத்தட்டைப் பிடித்துப் பழகின கை. இந்த ஊரில் எந்தக் கையை நம்பினாலும் இந்தக் கையை நம்பக்கூடாது என்று எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கிறார். கண்ணுக்குப் பின்னால் இன்னொரு இழுப்பு. கொடுத்தார்.

"எது சார்?" "பெரிய பட்டன். நெஞ்சுகிட்ட வச்சு அமுக்கணும். இடது பக்கம்." தணிகாசலம் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துணியை விலக்கி, சட்டைக்கு மேலாகத் தோளெலும்பைத் தடவினான். பெட்டி தட்டுப்பட்டதும் விரல் கொஞ்சம் தயங்கிற்று. "இதுவா?" "அதுதான்." "இதயா நெஞ்சுல தூக்கினு திரியறீங்க?" "அமுக்குய்யா." ரிமோட்டை அதன்மேல் வைத்து அழுத்தினான். ஒரு சத்தமும் இல்லை. முன்னே மாதிரி இருந்திருந்தால் எறும்பு ஊர்ந்திருக்கும், போட்டான் என்று தெரிந்திருக்கும். இப்போது உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வலி அதன் பாட்டுக்கு இருந்தது. "அமுக்கிட்டியா?" "அமுக்கிட்டன்." "வெளக்கு எரியுதா?" "எரியுது." "என்ன கலரு?" "பச்ச." கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தணிகாசலத்தின் கைக்குள் என்னவோ மினுங்கிற்று, பச்சையா வேறு ஏதாவதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, கண்ணில் எல்லாமே மினுங்கிற்று. "நல்லா அமுக்கினியா?" தணிகாசலம் ரிமோட்டை அவர் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டு, மேலே கைக்குட்டையைத் திணித்தான். "நல்லாத்தான் அமுக்கினன். இதுக்கும் முத்திர வைக்கணுமா சார்?" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான். பேப்பரைப் பிரிக்கவில்லை. இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கன்னியப்பன் கத்தியில் புது பிளேடைச் செருகி வைத்துக்கொண்டு கிட்ட வராமல் நின்றான். பிடரியில் பாதி முடி வெட்டினபடி, பாதி வெட்டாதபடி. "இப்படியே வுட்டுடட்டுமா சார்? இன்னொரு நாளைக்கு..." "எப்படி விடறது? அசிங்கமா இருக்கும்." "கத்தி படுமே." "பாத்து வழி." "தலையக் குனியணும் சார். குனியலாமா?" மெதுவாகக் குனியலாம் என்று சொன்னார்கள். வெடுக்கென்று திருப்பத்தான் கூடாது. வலி கொஞ்சம் அடங்கினால் குனியலாம், அடங்குமா, அடங்க எவ்வளவு நேரம் ஆகும், அவன் அமுக்கினானா, அமுக்கினால் பிடித்ததா, பிடித்தாலும் ஒயர் இருந்த இடத்தில் இருக்கிறதா. எதையும் பார்க்க வழியில்லை. தட்டைக் கவிழ்த்துப் பார்க்க முடியாது, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. ஒருத்தன் அமுக்கிவிட்டேன் என்று சொல்கிறான். இன்னொருத்தன் பார்த்து வழிக்கிறேன் என்று சொல்கிறான். அவ்வளவுதான் கையில் இருக்கிறது. "குனியறன்" என்றார் ஆளவந்தார். மோவாயைக் கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சுக்கு இறக்கினார். சோப்பு நுரை பிடரியில் குளிர்ந்தது. அதன்மேல், ரொம்ப லேசாக, கத்தி வந்து உட்கார்ந்தது.